ஏழாவது ஷரத்தை நான் கிழித்தது ஏன்

குமரனுக்கு உன் அம்மா எழுதுவது.

ஒரே கூரைக்குள் இருக்கிறவனுக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன்னை எதிரில் உட்கார வைத்துச் சொல்லலாம் என்று நான்கு நாளாகப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் உன்னைத் திட்டத்தான் வருகிறது. நீயும் அப்பாவும் எலவனாசூர்கோட்டை வளைகாப்புக்குச் சாதப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அடுப்பு ஆறிக் கிடக்கிறது, வீடு அமைதியாக இருக்கிறது, மளிகை லிஸ்ட் எழுதும் நோட்டு கையில் இருக்கிறது. இதைவிட்டால் எனக்கு வேளை வாய்க்காது. எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். ஆயிரம் பேருக்கு லிஸ்ட் எழுதியிருக்கிறேனே தவிர, ஒரே ஆளுக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

பத்து நாளைக்கு முன் நீ அச்சடித்து வைத்திருந்த சமையல் ஒப்பந்தத்தை உன் கண் முன்னாலேயே கிழித்தேன். "ஏம்மா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாய். நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். மெட்ராஸில் மூன்று வருஷம் கம்பெனி கேன்டீனில் கணக்கு எழுதியவனுக்கு நாற்பது வருஷமாக அண்டா தூக்குகிற குடும்பத்துக்குப் புத்தி சொல்லத் தெரிந்துவிட்டதா என்றேன். நீ துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மறுநாள் அதையே திரும்ப அச்சடித்து வந்து கரண்டி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாய். பிடிவாதத்தில் நீ என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. அந்த "ஏம்மா"வுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல முடியாமல் போகும். நீ கொண்டுவந்த அந்த இரண்டு பக்கத் தாளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆரம்பத்தில் இல்லை. ஆரம்பத்தில் பயமாகத்தான் இருந்தது. நம் தொழிலில் கல்யாண வீட்டு அடுப்படியில் 'இல்லை' என்ற வார்த்தையே வரக்கூடாது என்று உனக்குத் தெரியும். உப்பு தீர்ந்தால்கூட 'உப்பு நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்கிறோம். நீயோ முதல் பக்கத்திலேயே 'அனுமதி இல்லை', 'பொறுப்பு இல்லை', 'மாற்றுவதற்கில்லை' என்று எழுதி வைத்திருந்தாய். எண்ணிப் பார்த்தேன், இரண்டு பக்கத்தில் பதினோரு இல்லை. இதை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல காரியம் நடக்கிற வீட்டுப் படி எப்படி ஏறுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் வழக்கத்தில் ஒப்பந்தம் என்றால் தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே அச்சாரம், அவ்வளவுதான். மூங்கில்துறைப்பட்டுக் கரும்புக்காரர் வீட்டுக்கு நாம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா. பெண்ணின் தாத்தா தட்டை மாற்றி முடித்த கையோடு உன் தாளைப் பார்த்துவிட்டு, "வெத்தல பாக்கு மாத்தினப்புறம் பத்திரம் இன்னாத்துக்கு? நாங்க இன்னா ஓடியா பூடப் போறோம்?" என்றார். நான் எழுந்து வந்துவிடலாம் என்று புடவையைச் சரிசெய்தேன். நீ என்ன செய்தாய்? தாளை நான்காக மடிக்காமல் அப்படியே அந்தத் தட்டில் வைத்து, அதன் மேல் வெற்றிலையை அடுக்கி, பாக்கை வைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாய். "ஓடிடப் போறது நீங்க இல்ல தாத்தா, நாங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க? அதுக்குத்தான் இது" என்றாய். கிழவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பேரனைக் கூப்பிட்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தண்ணீர் யார் தருவது, பந்திக்கு எத்தனை இலை, எவ்வளவு நாள் முன்னால் தேதி மாற்றலாம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வண்டியில் வரும்போது நான் உன்னோடு பேசவே இல்லை. கோபம் என்று நீ நினைத்திருப்பாய். பெருமை முகத்தில் தெரிந்துவிடும் என்றுதான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆக, மற்ற ஷரத்துகளோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஏழாவதுதான். நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், எனக்கு மனப்பாடம்: 'தயாரித்த உணவு பரிமாறத் தகுதியற்றது என்று தலைமைச் சமையல்காரர் கூறினால் அதுவே முடிவானது. அதை மாற்றும் அதிகாரம் நிகழ்ச்சி நடத்துபவருக்கோ நிறுவன உரிமையாளருக்கோ இல்லை. உணவால் ஏற்படும் எந்தக் குறைக்கும் உரிமையாளரே பொறுப்பு. பணியாட்கள் எவரையும் காரணமாகக் காட்டுவதில்லை.' இதைப் படித்த அன்று தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், தெரிந்துகொண்டு என்னைக் குத்துகிறான் என்று நினைத்தேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்பது இந்த நான்கு நாளில்தான் எனக்குப் புரிந்தது.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. உனக்கு இரண்டு வயது முடியவில்லை. உன் அப்பா கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். கையில் வாங்கிய ஒரு கல்யாணம், விட முடியாது. நானே தலைமை ஏற்றுக்கொண்டு போனேன், முதல் தடவையாகத் தனியாக. எனக்குத் துணையாக வந்தவர் சடையன் மாஸ்டர். கல்வராயன் மலைக்காரர். சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிற குடும்பம். சின்னசேலத்தில் ஒரு ஹோட்டலில் மாவாட்ட இறங்கி வந்தவர், நான்கு வருஷத்தில் மாஸ்டராகிவிட்டார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். மூடியைத் திறக்கும் முன்பே வாசனையை வைத்து உப்பு கம்மி, புளி ஜாஸ்தி என்று சொல்லிவிடுவார். ஸ்டோர் ரூம் உத்தரத்தில் உனக்குத் தூளி கட்டியிருந்தேன். போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. மழை பிடித்துக்கொண்டதால் கூட்டம் பாதிதான் வந்தது. ஒரு பெரிய தேக்சா நிறையத் தேங்காய் அரைத்து ஊற்றிய குருமா மிஞ்சிப்போனது. விடிந்ததும் கொட்டிவிடலாம் என்று அதை ஒதுக்கி வைத்தோம். விடியற்காலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா அடுப்படிக்கு வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு குருமாவையா கொட்டுவது, காலை டிபனுக்குப் பூரியோடு ஊற்றுங்கள், கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றார். சடையன் என் பக்கத்தில் வந்து, அவர் காதில் விழாதபடி தணிந்த குரலில் சொன்னார்.

"வேணாங்க்கா. வாசன மாறிடுச்சி. அர மணி நேரத்துல வேற குருமா வெச்சித் தரேன், இத கொட்டிடலாம்."

குமரா, எனக்கும் அந்த வாசனை வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. எனக்கும் தெரிந்தது. ஆனால் பெரியப்பா எதிரில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்று கல்யாண வீட்டாரிடம் 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாக எடுத்த முதல் வேலை, பொம்பளை நடத்தினால் இப்படித்தான் என்று பேசிவிடுவார்களோ என்ற பயம் வேறு. "கொதிக்க வெய்யி சடையா, ஒண்ணும் ஆவாது" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு விறகைத் தள்ளிவிட்டார்.

தாலி கட்டி முடிவதற்குள் வாந்தி ஆரம்பித்துவிட்டது. குழந்தைகள், வயதானவர்கள் என்று நிறையப் பேர். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, குளுக்கோஸ் ஏற்றி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் என் உயிர் போய்ப் போய் வந்தது. கல்யாண வீட்டார் அடுப்படியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யார் சமைத்தது என்று கேட்டார்கள். அந்தப் பெரியப்பா கூட்டத்தின் பின்னால் நின்று வாயே திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் வாயைத் திறந்து சொன்னது இதுதான்:

"மாஸ்டருதாங்க பாக்காம வுட்டுட்டாரு."

எவனோ ஒருவன், மலையிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் என்றான். ஒருத்தன் அவர் சட்டையைப் பிடித்தான். இந்த அக்காதான் ஊற்றச் சொன்னது என்று சடையன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டினார். பையை எடுத்துக்கொண்டார். ஸ்டோர் ரூம் வழியாகப் போகும்போது உன் தூளியை எப்போதும் போல ஒரு தள்ளு தள்ளிவிட்டு, பஸ் ஏறப் போய்விட்டார். அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் எங்கேயும் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நமக்கோ வேலைக்குக் குறையே இல்லை. மாஸ்டரை மாற்றிவிட்டார்கள், இனி பயமில்லை என்று ஊரே பேசியது. உன் அப்பாவும் அப்படித்தான் நம்பினார், இன்றுவரை நம்புகிறார். கச்சிராயபாளையம் வரைக்கும் எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். அங்கிருந்து நிமிர்ந்தால் மலை தெரியும். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மலை மேலிருந்து ஆர்டர் வந்தால் வண்டி ஏறாது, வளைவு ஜாஸ்தி, பாத்திரம் உருளும் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவேன். வண்டி நன்றாகத்தான் ஏறும்.

இப்போது உளுந்தூர்பேட்டை மண்டபத்துக்கு வருகிறேன். ஒரு வருஷத்துக் கல்யாணம் அத்தனையும் நமக்கே தருகிறேன் என்றார் அந்த மண்டபத்துக்காரர். நம் குடும்பத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்ததே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஏழாவதை அடித்துவிடு என்று. "சமையல்காரன் ஊசிப்போச்சின்னா என் பந்தி நிக்கணுமா? யாருக்குப்பா யாரு மொதலாளி?" என்று அவர் கேட்டபோது, நான் உன் காலை மேசைக்கு அடியில் மிதித்தேன். நீ காலை நகர்த்திக்கொண்டு, "அந்த நேரத்துக்கு அவர்தாங்க மொதலாளி" என்றாய். குரலை உயர்த்தவில்லை, மரியாதை குறையவில்லை. தாளை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். நான் இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை என் பிள்ளை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டானே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆமாம், ஆத்திரம். பெருமையாகத் தோன்றியிருக்க வேண்டும், ஆத்திரமாகத்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கிழித்தேன்.

இப்போது காரணம் விளங்கியிருக்கும். அந்த ஷரத்து அன்றைக்கு இருந்திருந்தால் சடையன் சொன்ன சொல்லே முடிவாகியிருக்கும். எனக்கு 'இல்லை' சொல்ல வாய் வராவிட்டாலும் தாள் சொல்லியிருக்கும். நீ எழுதியது நான் செய்ததற்கு நேர் எதிர். அதை அச்சில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நான்கு நாளைக்கு முன் சாமை வாங்கிவருகிறேன் என்று வெள்ளிமலைக்குப் போனாய். திரும்பி வந்து, மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஒருவர் அங்கே சின்னதாக ஹோட்டல் நடத்துகிறார், நம் தாளை வாங்கிப் படித்தார், ஏழாவதை மட்டும் இரண்டு தரம் படித்தார் என்று உற்சாகமாகச் சொன்னாய். தாளில் என் பேரைப் பார்த்துவிட்டு, உங்கள் அம்மாவா எழுதியது என்று கேட்டாராம்; நான்தான் எழுதினேன் என்றாயாம். பிறகு உன் வயதைக் கேட்டாராம். ஊர்பேர் தெரியாதவர் எதற்கு என் வயதைக் கேட்கிறார் என்று நீ சிரித்தாய். நான் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து அவர் கேட்டதையும் நீ அப்படியே சொன்னாய். "உங்க அம்மா இதுக்கு ஒத்துக்கினாங்களா?" நீயும் ஒளிவுமறைவு இல்லாமல், அம்மா கிழித்துப் போட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்! அதற்கு அவர் சொன்னது:

"அப்ப நான் கையெழுத்து போட்டுத் தரேன். கீழ எடுத்துக்கினு போ. அவங்களும் போட்டா எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க சமைங்க. போடலன்னா நானே கிளறிக்கிறேன்."

தாளைப் பார்த்தேன். 'வெ. சடையன்'. லிஸ்ட் நோட்டில் கையெழுத்துப் போடும்போது எப்படி முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுவாரோ அப்படியே இருந்தது.

அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் கேட்டிருப்பது ஒரு கேள்வி. 'பணியாட்கள் எவரையும் காரணமாகக் காட்டுவதில்லை' என்பதன் கீழே இந்த அம்மாள் கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா, அதுதான். அதற்குப் பதிலை நீ கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. செய்தவள் நான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் வெள்ளிமலைக்குப் போகிறேன். நீ எழுந்து இதைப் படிக்கும்போது கச்சிராயபாளையம் தாண்டியிருப்பேன். வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வராதே. அவர் ஹோட்டலில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லப்போகிறேன், குருமாவை ஊற்றச் சொன்னது நான், வாசனை எனக்கும் தெரியும், பொய் சொன்னதும் நான் என்று. பழி கூட்டத்தில் போட்டேன். காதோடு காதாக எடுத்தால் அது எடுத்ததாகாது. அவர் தாளைக் கிழித்து என் முகத்தில் எறிந்தாலும் எறியட்டும். நான் கிழிக்கவில்லையா? உன் அப்பாவுக்கு இந்தக் கடிதத்தை நீயே படித்துக் காட்டு. அவர் என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருப்பார், தாங்கிக்கொள்கிறேன்.

மண்டபத்துக்காரருக்கு மத்தியானமே போன் செய்துவிட்டேன். ஏழாவது இருக்கும், வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்றேன். முழுசாகக் கேட்காமலே வைத்துவிட்டார். வைத்தால் வைக்கட்டும். வளைகாப்பும் காதுகுத்தும் இருக்கின்றன, பட்டினி கிடக்க மாட்டோம்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தட்டில் வெற்றிலையை விட்டுவிடாதே. தாள் வந்துவிட்டது என்பதற்காக அதை எடுத்துவிடாதே, இரண்டும் இருக்கட்டும். 'இல்லை' என்று சொல்ல வேண்டியதை எல்லாம் அடுப்பு பற்றவைக்கும் முன்பே சொல்லி முடித்துவிடு. பற்றவைத்த பிறகு யாருக்குமே வாய் வராது, உனக்கும் ஒருநாள் வராமல் போகலாம். அதனால் அடுப்புக்குச் சூடம் காட்டுவதற்கு முன்னால் ஏழாவது ஷரத்தைச் சத்தமாகப் படி. காய் நறுக்குகிற பெண்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், எல்லார் காதிலும் விழ வேண்டும். கோபம் வந்தால் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்திரு. அதை நீ யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று தெரியவில்லை, என்னிடம் இல்லை.

தாளில் 'தலைமைச் சமையல்காரர்' என்று விட்டிருந்த இடத்தில் உன் பேரை எழுதியிருக்கிறேன். அந்தக் கல்யாணம் நமக்குக் கிடைத்தால் நான் தேங்காய் துருவிக்கொண்டு பின்னால் நிற்பேன். நீ கொட்டு என்றால் கொட்டிவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன்.

'உரிமையாளர்' என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். போட்ட பிறகும் பேனாவை மூட மனம் வரவில்லை. பெயருக்குக் கீழே சின்னதாக, 'ஏழாவது ஷரத்தை எழுதியவனின் அம்மா' என்று எழுதினேன். சட்டப்படி அப்படி எழுதக்கூடாது என்று நீ சொல்வாய். நம் வீட்டில் இருக்கும் நகலில் வேண்டுமானால் அடித்துக்கொள். மலைக்கு நான் எடுத்துக்கொண்டு போகிறதில் அது அப்படியே இருக்கும்.